நிசான் 14 எப்போது வருகிறது?

[திரையில்: 2024 காலண்டரின் மார்ச், ஏப்ரல், மே பக்கங்கள்]

வணக்கம். 2024-ஆம் வருடக் காலண்டரைக் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். நம் ஊர்ச் சபைகளில் மார்ச் 31 அன்று ஈஸ்டர் ஆராதனை நடந்தது. இயேசு உயிர்த்தெழுந்தது, எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஒட்டித்தான் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஆனால் அந்த வருடம் யூதர்கள் பஸ்கா விருந்துக்கு உட்கார்ந்தது ஏப்ரல் 22 மாலையில். உயிர்த்தெழுந்த நாள் முதலில், பஸ்கா மூன்று வாரம் கழித்து! கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கோ மே 5-இல்தான் ஈஸ்டர்.

யாரோ கணக்கில் தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால், எல்லோரும் ஒரே வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின்படி நடக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள்.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். முதலாம் மாதம், அதாவது நிசான், 14-ஆம் தேதி சாயங்காலம் பஸ்கா. ஏழாம் மாதம் 1-ஆம் தேதி எக்காளப் பண்டிகை, 10-ஆம் தேதி பாவநிவிர்த்தி நாள், 15-ஆம் தேதி கூடாரப் பண்டிகை. தேதிகளில் சந்தேகமே இல்லை. ஆனால் முதலாம் மாதம் எப்போது பிறக்கிறது? பிறந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும்? அதை அந்த அதிகாரம் விளக்கவில்லை.

[திரையில்: மேற்கு வானில் மெல்லிய பிறை]

மாதம் பிறையோடு பிறக்கிறது. பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாதம் சேர்த்தால் 354 நாள். சூரிய வருடத்துக்குச் சுமார் 11 நாள் குறைவு. அப்படியே விட்டுவிட்டால் மூன்று வருடத்தில் ஒரு மாதம் நழுவிவிடும். ரம்ஜான் நோன்பு சில வருடம் கோடையிலும் சில வருடம் மழைக்காலத்திலும் வருகிறதே, அது இதனால்தான்.

பஸ்காவை அப்படி நழுவ விட முடியாது. அது ஆபிப் மாதத்தில் வரவேண்டும் என்பது கட்டளை; அதே முதலாம் மாதத்தின் பழைய பெயர்தான் அது. ஆபிப் என்றால் வாற்கோதுமைக் கதிரின் ஒரு பருவம். எகிப்தில் கல்மழை பெய்தபோது வாற்கோதுமை அழிந்தது, கோதுமை தப்பியது என்று யாத்திராகமம் 9-இல் வருகிறதல்லவா? வாற்கோதுமை அப்போது ஆபிப் பருவத்தில் நின்றது என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். கதிர் பால் பிடித்து, மணி கெட்டிப்பட ஆரம்பித்திருக்கும்; நிறம் இன்னும் பச்சை; நெருப்பில் வாட்டித் தின்னலாம். அந்தக் கதிரின் முதற்பலனைத்தான் பண்டிகையில் ஆசாரியன் அசைவாட்ட வேண்டும். மாதம் பிறந்தும் கதிர் முற்றவில்லை என்றால்? பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் சேர்த்துக் காத்திருப்பார்கள்.

ஆக, பண்டிகைத் தேதிக்கு ஒரு கண் வானத்திலும் ஒரு கண் வயலிலும் இருக்க வேண்டும்.

[திரையில்: எருசலேமின் பழைய முற்றம், வரிசையாக நிற்கும் ஆட்கள்]

பிறை பார்த்தவர்கள் எருசலேமுக்கு வந்து சாட்சி சொல்வார்கள். அதற்கென்றே பேத் யஆசேக் என்று ஒரு பெரிய முற்றம் இருந்ததாகவும், சாட்சிகள் ஆவலோடு வர அங்கே நல்ல விருந்து வைத்ததாகவும் ரப்பிகள் என்ற யூத வேத ஆசிரியர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பிறை எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். எருசலேம் கோயில் இடிந்த பிறகு யவ்னே என்ற ஊரில் ரப்பிகளுக்குத் தலைவராக இருந்த ரப்பான் கமாலியேல், பிறையின் வடிவங்களை மாடியறைச் சுவரில் வரைந்தே வைத்திருந்தார். "நீ பார்த்தது இதுவா, அதுவா?" என்று காட்டிக் கேட்பதற்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு வருடம் இரண்டு பேர் வந்து, பிறையைப் பார்த்தோம், ஆனால் மறுநாள் இரவு அதைக் காணவில்லை என்றார்கள். கமாலியேல் அந்தச் சாட்சியை ஏற்றுக்கொண்டார். ரப்பி யோசுவா அது பொய்ச்சாட்சி என்ற பக்கம் நின்றார். பிறை தவறென்றால் அந்த மாதத் தேதிகள் எல்லாமே தவறு. பாவநிவிர்த்தி நாளும் வேறு நாளாகிவிடும். கமாலியேல் ஆள் அனுப்பினார்: உன் கணக்கில் பாவநிவிர்த்தி நாள் எதுவோ, அதே நாளில் கோலும் பணமும் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வா.

வருடத்திலேயே மிகப் பரிசுத்தமான நாளில் கையில் பணத்தோடு நடக்கச் சொன்னால் ஒரு மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! கலங்கி நின்றவரிடம் ரப்பி அகிபா ஒரு வசனத்தை எடுத்துக் காட்டினார். 'நீங்கள் கூறவேண்டிய' கர்த்தரின் பண்டிகைகள் என்று எழுதியிருக்கிறது. சரியான நேரமோ இல்லையோ, நீங்கள் கூறியதே பண்டிகை என்றார். யோசுவா கோலோடும் பணத்தோடும் போனார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, "வாருங்கள், என் குருவே, என் சீடரே" என்றார். ஞானத்தில் குரு, சொல் கேட்டதில் சீடர். காலண்டர் சண்டையில் எனக்குத் தெரிந்து இதைவிட நெஞ்சைத் தொடும் காட்சி இல்லை.

சரி, முடிவான தேதி தூரத்து ஊர்களுக்கு எப்படிப் போகும்? ஒலிவ மலையில் தொடங்கி மலைக்கு மலை தீப்பந்தம் அசைத்தார்கள். சமாரியர்கள் பொய்ப் பந்தம் காட்டிக் குழப்பியதால் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள் என்கிறது மிஷ்னா. தூதர் போய்ச் சேராத ஊர்களில் சந்தேகத்துக்கு இரண்டு நாள் பண்டிகை. அந்த வழக்கம் இஸ்ரேலுக்கு வெளியே இன்றும் இருக்கிறது.

[திரையில்: 19 ஆண்டுச் சுழற்சி வட்டம்]

கி.பி. 358-59 வாக்கில் யூதத் தலைவர் இரண்டாம் ஹில்லேல், பிறை பார்க்காமலே தேதி சொல்லும் கணக்குக் காலண்டரை வெளியிட்டார் என்பது மரபு. 19 வருடத்தில் 7 வருடங்களுக்கு 13 மாதம். ஏழாம் மாதம் 1-ஆம் தேதியைத்தான் யூதர்கள் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள்; அது ஞாயிறு, புதன், வெள்ளியில் விழாதபடி நாளைத் தள்ளிவைப்பார்கள். புதனிலோ வெள்ளியிலோ விழுந்தால் பாவநிவிர்த்தி நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையை ஒட்டி வந்துவிடும்; அப்போது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சமைக்கவோ அடக்கம் செய்யவோ முடியாதே! 2024 பஸ்கா வந்தது யூத ஆண்டு 5784-இல், சுழற்சியின் எட்டாவது வருடம். கூடுதல் மாதம் நுழைந்ததால் பஸ்கா ஏப்ரலுக்குப் போனது. நம் சபைகளின் கணக்கு தனி: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமி மார்ச் 25-இல் வந்துவிட்டது. ஆர்த்தடாக்ஸ் சபையாரின் ஜூலியன் காலண்டரிலோ மார்ச் 21 என்பது நம் ஏப்ரல் 3. அவர்கள் அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

[திரையில்: கும்ரான் குகைகள்]

பிறையே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 1947 முதல் சாக்கடல் ஓரம் கும்ரானில் கிடைத்த, ஒரு பழைய யூதக் குழுவின் சுருள்களில் 364 நாள் வருடம் இருக்கிறது. சரியாக 52 வாரம். சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில் படைக்கப்பட்டதால் வருடம் எப்போதும் புதன்கிழமையில் பிறக்கும். நிசான் 14 எந்த வருடமும் செவ்வாய்தான். ஆபகூக் புத்தகத்துக்கு அவர்கள் எழுதிய உரையில், துன்மார்க்க ஆசாரியன் ஒருவன் தங்கள் குருவைப் பாவநிவிர்த்தி நாளிலேயே விரட்டி வந்தான் என்று வருகிறது. ஓர் ஆசாரியன் அந்த நாளில் பயணம் போவானா? அவன் காலண்டரில் அது சாதாரண நாளாக இருந்திருந்தால் போவான்.

அப்புறம் கராயர்கள். மிஷ்னாவின் அதிகாரத்தை ஏற்காத இந்த யூதர்கள், கணக்கு வந்த பிறகும் பிறையைக் கண்ணால் பார்ப்பது, கதிரை வயலில் போய்ப் பார்ப்பது என்ற பழைய முறையை விடவில்லை. இடைக்காலக் கெய்ரோவில் இரண்டு தரப்பாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பழைய ஜெப ஆலயத்துக் காகிதக் குவியலில் அவர்களுடைய திருமண ஒப்பந்தங்கள் கிடைத்திருக்கின்றன. மணமகள் கராயர், மணமகன் மற்றத் தரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பண்டிகை நாட்களை மீறும்படி அவன் அவளை வற்புறுத்தக் கூடாது; அவன் பண்டிகை நாட்களை அவளும் மீறக் கூடாது. கராயர்களுக்கு ஓய்வுநாளில் விளக்கு எரியக் கூடாது என்பதால், அந்த இரவில் அவன் ஏற்றும் விளக்கொளியில் உட்காரும்படி அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதற்கெல்லாம் சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.