பட்டியல்ல பேரு இருக்கா?

(மதுரைப் பட்டிமன்றம். தலைப்பு: 'பெண்ணின் ஓட்டுக்குப் பெரிய தடையாக நின்றது சட்டமா? வாக்காளர் பட்டியலா?' பட்டியலே என்ற அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாத மதுரை மக்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பி, "மீனாட்சி ஆளுற ஊர்ல பெண்ணுக்கு ஓட்டில்லாம வச்சது வெள்ளைக்காரன் சட்டம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். தேதிகளை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்குகிறது. டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மாண்டேகுவைப் பார்த்து ஓட்டுரிமை கேட்கிறார்கள். யாருக்கு ஓட்டு என்று ஆராய்ந்த சவுத்பரோ குழு கைவிரிக்கிறது. 1919 இந்திய அரசுச் சட்டமோ, பொறுப்பை மாகாண சபைகள் தலையில் கட்டுகிறது. 1921 ஏப்ரல் 1, சென்னை சட்டசபை தீர்மானம் போட்டு, மாகாணங்களிலேயே முதலாவதாகத் தடையை எடுத்துவிட்டது. கேட்டதிலிருந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை! அந்த வெள்ளைக்காரன் ஊரிலேயே ஆணுக்குச் சமமான ஓட்டு 1928இல்தான் வந்தது.

சரி, ஓட்டுப் போட்டது யார்? நிலத்துக்குத் தீர்வை கட்டுபவர், வீட்டு வரி கட்டுபவர், இப்படிச் சிலர்தான். மேலூர் பக்கம் பெரியாற்றுப் பாசன வயலில் நாற்று நட்டது அவள். பட்டா அவன் பேரில். பட்டா இல்லாமல் தீர்வை ரசீது ஏது? ரசீது இல்லாமல் பட்டியலில் பேர் ஏது? பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 1935 சட்டம் சொத்துள்ளவரின் மனைவி, எழுத்தறிந்தவள் என்று வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. அப்போதும் சுமார் 60 லட்சம் பெண்கள்தான்.

"சொத்துத் தகுதியும் சட்டம்தானே?" என்று தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான், அந்த மதிப்பெண்ணை அவருக்கே போட்டுவிடுங்கள் ஐயா. அப்படியே சொத்துத் தகுதியே இல்லாத 1951க்கு வாருங்கள்.

அன்றைக்கு அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்றது. சட்டத்தில் குறையே கிடையாது. ஆனாலும் முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பேர் பட்டியலில் இல்லை! பட்டியல் எடுக்கப் போனவரிடம் அவர்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவானது. சொந்தப் பேர் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கண்டிப்பாக நின்றது, தராதவர்களை நீக்கியது. பெரும்பகுதி பிஹார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம். நம்மூர்க் கிழவி புருஷன் பேரைத்தான் சொல்லமாட்டாள், "அந்த ஆறுமுகச் சாமி பேருதான்" என்று கையைக் காட்டுவாள். அங்கே தன் பேரையே சொல்லவில்லை.

ஆணையம் செய்தது சரி என்பதே என் கட்சி. பேரில்லாத ஓட்டை எவளும் போடலாம், எவனும் போட வைக்கலாம்.

இன்றைக்கும் அதே கதைதான். உசிலம்பட்டிப் பெண் மேலூரில் வாழ்க்கைப்படுகிறாள். பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க வந்தவரிடம் பிறந்த வீட்டில், "அவ கட்டிக் குடுத்துப் போயிட்டா" என்கிறார்கள். அங்கே பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். புகுந்த வீட்டில், "அதான் வாக்காளர் கார்டு இருக்கே" என்று விட்டுவிடுகிறார்கள். கார்டு கையில் இருந்தால் மட்டும் ஓட்டு வராது. பட்டியலில் பேர் இருக்க வேண்டும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. அதற்குள் பேரையே அடித்திருந்தால் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர வேண்டும். அப்பா இனிஷியல் புருஷன் இனிஷியலாக மாறியிருந்தால் அதையும் திருத்த வேண்டும்.

இதில் எந்த இடத்தில் சட்டம் அவளைத் தடுத்தது? மணியில் கை வைக்குமுன் எதிரணியிடம் இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.