மரு க்ரீம் எரிஞ்சா என்ன பண்ணணும்?

வணக்கம். மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல ரொம்ப வருஷம் ஃபார்மசி வச்சிருந்தவன் நான். இன்னைக்கு மறைவான இடத்துல வர்ற மருவைப் பத்திப் பேசப் போறேன், பக்கத்துல மாமியார் உக்காந்திருந்தா சங்கடப்படாதீங்க, இது எல்லாருக்கும் வரக்கூடியதுதான்.

இதுக்கு இமிகிமோட்னு ஒரு க்ரீம் இருக்கு, 1997ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. இது மருவைச் சுட்டெடுக்குற மருந்து இல்ல. மருவுக்குக் காரணமான ஹெச்பிவிங்கிற வைரஸ் தோலுக்குள்ள சத்தமில்லாம கெடக்கும், உடம்பு கண்டுக்காது. க்ரீம் போய் உடம்போட எதிர்ப்பு சக்திங்கிற தூங்குற நாயை உசுப்பி விடுது, அவ்ளோதான். எழுந்த நாய் திருடனை மட்டுமா கடிக்கும்? அதான் சுத்தியிருக்கிற தோலும் அரிக்குது, எரியுது, வீங்குது, உரியுது. சிலருக்கு காய்ச்சல் மாதிரி உடம்பு வலியும் வரும்.

ஒரு பையன் வந்தான், காவடி எடுக்கிறவன். தைப்பூசத்துக்கு முன்ன மரு போயிடணும்னு அவசரம். வாரத்துக்கு 3 ராத்திரிதான் போடணும், 6லேருந்து 10 மணி நேரம் விட்டு சோப்பு போட்டு கழுவணும்னு சொல்லித்தான் அனுப்பினேன். இவரு தெனமும் தடவி, மேல இறுக்கமா பேண்டேஜ் வேற. புண்ணாகி நீர் கசிய, நடக்கவே முடியல, அந்த வெயில்ல கோர் தெ கார்த் மலைக் கோயில் படி எப்படி ஏறுவான்? "அங்கிள், மருந்து விஷம்"னு கத்துறான். அட, விஷம் இல்லப்பா, அளவுதான் தப்பு! டாக்டர் சில நாள் நிறுத்தச் சொன்னாரு, தோல் ஆறினதும் மறுபடி 3 ராத்திரி கணக்குலயே ஆரம்பிச்சான். நடுவுல கேப் விட்டா மருந்து வீணாயிடும்னு பயப்படாதீங்க, விடலாம்.

என் பழைய சண்டை ஒண்ணு இருக்கு. மருந்து டப்பாவுக்குள்ள வர்ற சீட்டுல "செவக்கும்"னு போட்டிருப்பாங்க. நம்ம நிறத்துல எங்கங்க செவக்குது? கருநீலமா, இல்லன்னா இன்னும் கருப்பா தெரியும், நம்மாளு ஒண்ணுமே ஆகலையேன்னு இன்னும் கொஞ்சம் அப்புவாரு. கண்ணை மட்டும் நம்பாதீங்க. சூடு இருக்கா, வீங்கியிருக்கா, கசியுதா, தொட்டுப் பாருங்க, பாத்துட்டு கையைக் கழுவுங்க. லேசா எரிஞ்சா சரி, புண்ணானா நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க. மறுபடி சொல்றேன், புண்ணானா நிறுத்துங்க. ஆறினப்புறம் சில பேருக்கு வெள்ளைத் திட்டு நிக்கும், அது போகாமலே இருந்துடவும் வாய்ப்பிருக்கு, இதை முன்னாடியே சொல்லாம மருந்து குடுக்குறது எனக்குப் பிடிக்காது.

பச்சைத் தேயிலைச் சத்துல ஒரு ஆயின்ட்மென்ட்டும் இருக்கு, அதுவும் எரியும். அதுக்காக நம்ம ஊரு புவா ஷெரி தேயிலையைக் காய்ச்சி ஊத்திக்காதீங்க, தயவு செஞ்சு!

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, டைம் முடிஞ்சுது. வேகமா சொல்லிடுறேன்: இமிகிமோட் காண்டமைப் பலவீனமாக்கும், க்ரீம் தோல்ல இருக்கிறப்போ தாம்பத்தியம் வேணாம். கர்ப்பமா இருந்தா டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க. 16 வாரத்துக்கு மேல போடாதீங்க. தடுப்பூசி பத்தி நிறைய எழுதிட்டு வந்தேன், ஹெச்பிவி ஊசி, பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சின்ன வயசுலயே... சரி சரி, வணக்கம்.