அலமாரியில் கிடக்கும் லேப்டாப்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கும். அண்ணன் கல்லூரிக்குப் போனபோது வாங்கியதாக இருக்கும், அல்லது கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படிக்க யாராவது கொடுத்ததாக இருக்கும். இப்போது அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும். கேட்டால், "ரொம்ப ஸ்லோ சார், செத்துப்போச்சு" என்பார்கள். அதே வீட்டில் எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் பிள்ளை கைப்பேசித் திரையில் கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கும். தவணையில் புதிது எடுக்கலாமா என்று அப்பா கணக்குப் போடுவார். அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

அந்த லேப்டாப் பெரும்பாலும் சாகவில்லை. அதற்குத் தாங்காத மென்பொருளை அதன் தலையில் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான். விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2 ஜிபி ரேம் உள்ள கருவிக்கு அது சரிப்படாது. சிலர் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறார்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு வழி லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் மென்பொருள் அது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபி, 1 ஜிபி என்றால் நான் கைகாட்டுவது ஆன்டிக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் வடிவம். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிக்ஸ் 23, 64 பிட் கணினிகளுக்கும் பழைய 32 பிட் கணினிகளுக்கும் வந்தது. இது முக்கியம், ஏனென்றால் 2025இல் வந்த டெபியன் 13 பழைய 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவ வழி தருவதில்லை.

இனி நான் சொல்வதுதான் பலர் கவனிக்காதது. ஆன்டிக்ஸ் திறந்ததும் சில நூறு எம்பி ரேமோடு அடங்கிவிடும். எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். அப்புறம் பிரவுசரைத் திறப்பார்கள். யூடியூப் ஒரு பக்கம், கூகுள் கிளாஸ்ரூம் ஒரு பக்கம், செய்தித்தளம் ஒரு பக்கம். மீதியிருந்த ரேம் தீர்ந்துவிடும். ரேம் நிரம்பினால் கணினி ஹார்ட்டிஸ்கை ரேம் மாதிரி பயன்படுத்தும். பழைய சுழலும் டிஸ்கின் வேகத்தில் அது நடக்கும்போது மவுஸ் அம்புகூட நகராது; டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மின்னும். உடனே லினக்ஸும் சரியில்லை என்று மூடி வைத்துவிடுகிறார்கள். தவறு லினக்ஸ் மேல் இல்லை, இன்றைய இணையப் பக்கங்களின் கனம் அப்படி.

ஆகவே இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் விளம்பரச் சுமை குறையும். இசட்ராம் என்று ஒரு வசதி உண்டு. ரேமில் இருப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும், அதனால் டிஸ்கைத் தொடுவது குறையும். கொஞ்சம் காசு இருந்தால் முதலில் பழைய சுழலும் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் வாங்கிப் போடுங்கள். கடையில் பழைய ரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் உங்கள் கணினிக்கு வேண்டிய ரேம் வகை டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

நிறுவும் முன் ஓட்டிப் பார்க்கலாம். ரூஃபஸ் என்ற நிரலால் ஆன்டிக்ஸைப் பென்டிரைவில் எழுதி, கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். வைஃபை இருந்தும் எந்த இணையப் பக்கமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுத்தால், திரை மூலையில் தேதியைப் பாருங்கள். வருஷக்கணக்கில் கிடந்த கருவியில் மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும்; தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கும். தேதியைத் திருத்தினால் பக்கங்கள் திறக்கும். பேட்டரியை மாற்றாவிட்டால் மறுபடியும் அதே தொல்லை வரும்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்க்க வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற நிரலைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். நம் மலேசிய நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்தார். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் வளரக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

கட்டுரை எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் 2 ஜிபி கருவியில் காணொளி வகுப்பு திக்கித் திணறும். அதைக் கைப்பேசியில் பார்ப்பதே மேல். 512 எம்பி மட்டும் இருந்தால் எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். முழு டிஸ்கிலும் நிறுவினால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். கல்யாணப் படங்கள், தாத்தாவின் குரல் பதிவு, வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்துக்கு மாற்றி, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் நிறுவும் பொத்தானை அழுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.