லோவாங்கோ: மழைக்காட்டைப் படகிலிருந்து பார்ப்பது

[திரையில்: மேலிருந்து அடர்ந்த காடு, ஓரத்தில் பழுப்பு நிறக் காயல்]

மழைக்காட்டுக்குள் நடந்தால் மிருகங்கள் வரிசையாகத் தெரியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பத்துப் பதினைந்தடிக்கு அப்பால் யானையே நின்றாலும் இலைதான் கண்ணில் படும். புல்வெளி, ஜீப் எல்லாம் கென்யா, தான்சானியா பக்கம். இது மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் காபோன், நாட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காடு.

அதனால்தான் இங்கே முகாம்களைத் தண்ணீர் ஓரத்தில் போடுகிறார்கள். கரை வெட்டவெளி, காட்டிலிருந்து வெளியே வந்தால் தெரிந்துவிடும். நாம் பார்ப்பது லோவாங்கோ தேசியப் பூங்காவின் இகேலா காயல். 2002-இல் அதிபர் ஒமார் போங்கோ மொத்தமாக அறிவித்த 13 பூங்காக்களில் லோவாங்கோவும் ஒன்று.

[வரைபடம்]

தலைநகர் லீப்ரவீலிலிருந்து போர்ட் ஜென்டில் நகரத்துக்கு விமானம். அப்புறம் ஒம்புவே வழியாகக் காயலுக்கு. பயணத்துக்கென்று ஒரு முழுநாளை ஒதுக்கிவிடுங்கள்.

[படகு. எஞ்சின் சத்தம் நிற்கிறது]

சாயங்காலம் படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் கோரைப்புல் ஓரமாக ஒதுங்குவார். இனி காத்திருப்பதுதான் வேலை. இங்கே வருவது அடர்காட்டில் வாழும் ‘காட்டு யானை’ என்ற தனி வகை. புல்வெளி யானையைவிட உருவத்தில் சிறியது. காது வட்டம், தந்தம் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். 2021-இல் இதைத் தனி இனமாக மதிப்பிட்டு, அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தார்கள். செம்மண் நிறத்தில் காட்டெருமையும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பன்றியும் உண்டு. அந்தப் பன்றியை நேரில் பார்த்தால் யாரோ சாயம் பூசிவிட்டதாகத் தோன்றும்!

பூங்காவின் மேற்கு எல்லை அட்லாண்டிக் கடல். கடற்கரை மணலில் யானைகள் நடக்கும். நீர்யானை அலையில் இறங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கே எடுத்ததுதான். ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், அபூர்வம். திமிங்கிலம் வேண்டுமென்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை வாருங்கள்.

[முகக்கவசம் அணிந்த பயணிகள்]

கொரில்லாவைப் பார்க்க மட்டும் காட்டுக்குள் நடந்துதான் ஆகவேண்டும். ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்து, மனித வாடைக்குப் பழக்கிய கூட்டம் அது. முகக்கவசம் கட்டாயம். உங்களுக்குச் சளி இருந்தால் கூட்டிப்போக மாட்டார்கள். நம் ஜலதோஷம் அவற்றுக்கு உயிராபத்து.

ராத்திரி குடிலை விட்டுத் தனியாக இறங்காதீர்கள். நீர்யானை இருட்டிய பிறகுதான் கரையேறி மேயும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் மலேரியா மாத்திரையும் அவசியம். கருநீலம், கறுப்புத் துணி வேண்டாம். கடித்து ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் மிகவும் பிடிக்கும். வியர்வை உப்புக்காக மொய்க்கும் குட்டித் தேனீக்கள் கொட்டாது. கண்ணுக்குள் புகும், தலைக்கு ஒரு வலை கொண்டுபோங்கள்.