கார் கண்ணாடியோட சண்டை போடுற குருவி: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இந்த வாரம் கேள்வி நிறைய வந்திருக்கு. ஆனா ஒரு கேள்விய வாசிச்சதும் மத்ததையெல்லாம் ஓரமா எடுத்து வச்சுட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்ல இருந்தே ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன்.

"அண்ணே, கறுப்பும் வெள்ளையுமா ஒரு குருவி தினமும் காலையில வந்து எங்க காரோட சைடு கண்ணாடியக் கொத்துது. கதவு பூரா எச்சம். வெரட்டினா போயிட்டு திரும்ப வந்துடுது. மாமியார் கெட்ட சகுனமோன்னு பயப்படுறாங்க. இது மைனாவா? எப்படி வெரட்டுறது?"

மொதல்ல மாமியார்கிட்ட சொல்லிடுங்கம்மா, சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டு வாசலை ஒரு குருவி தன் இடம்னு முடிவு பண்ணியிருக்கு. எனக்குன்னா அது நல்ல சேதி.

அனுப்பின போட்டோ கொஞ்சம் கலங்கல்தான். பரவாயில்ல, வால் நட்டுக்கிட்டு நிக்குது பாருங்க. போன தடவை மைனா பத்திப் பேசினப்பவும் சொன்னேன், நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வாலைப் பாருங்க, நடையைப் பாருங்க. மைனா காலை மாத்தி மாத்தி வச்சு நடக்கும். இது தத்தித் தத்திப் போகும், நின்ன உடனே வால் மேல போயிடும். மைனாவுக்கு மூக்கும் காலும் மஞ்சளா இருக்கும், இதுக்கு மூக்கு கறுப்பு. இதுக்கு மலாய்ல முராய் கம்போங்னு பேரு. தமிழ்நாட்டுல குண்டுகரிச்சான்னு சொல்லுவாங்க. தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் பளபளன்னு கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில ஒரு வெள்ளைக் கோடு, வாலோட ரெண்டு ஓரமும் வெள்ளை. மூக்குல இருந்து வால் வரைக்கும் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் இருக்கும். நான் இப்ப சொன்னது ஆண். பொண்ணுக்கு அந்தக் கறுப்பு இருக்கிற இடமெல்லாம் சாம்பல். ரெண்டும் வேற வேற குருவின்னு நினைச்சு எனக்கு எழுதினவங்க எத்தனையோ பேர்.

இதே ஊர்ல முராய்னு பேர் வச்ச குருவி இன்னும் ரெண்டு இருக்கு. முராய் கிலா சின்னது. கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம், நெஞ்சுல கறுப்புப் பட்டை, ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, வாலை விசிறியா விரிச்சு விரிச்சு ஆடும். முராய் பத்து காட்டுக் குருவி. வயிறு செங்கல் நிறம், வால் ரொம்ப நீளம். அது உங்க கார்கிட்ட வராது.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தச் சேனலை ரொம்ப நாளாப் பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: குருவி நமக்காகப் பாடல. விடியக்கருக்கல்ல டிவி ஏரியல் மேலயோ லைட்டுக் கம்பம் மேலயோ ஏறி நின்னு அது பாடுறது பக்கத்து ஆண் முராய்க்கு. "இது என் இடம், நீ அந்தப் பக்கமே இரு"ன்னு சொல்லுது. பொண்ணுக்கும் அதே பாட்டுதான் அழைப்பு. அந்த நேரத்துல காத்து அசையாது, சத்தம் தூரமாப் போகும். புழு பூச்சி தேடுறதுக்கு இன்னும் வெளிச்சம் பத்தாது. அதனால பாட்டுக்கு அது தோதான நேரம். பாட்டுதான் அதுக்கு வேலி.

சின்ன வயசுல பள்ளிக்கூட லீவுன்னா அம்மாகூட ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்குப் போவேன். பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சு, எங்களுக்குக் குடுத்த மர வரிசைக்கு, அதான் நிரைக்கு, வந்து சேர்றப்போ இன்னும் இருட்டாத்தான் இருக்கும், தலையில லைட்டுக் கட்டியிருப்பாங்க. எங்க நிரை முடியுற இடத்துல ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் மரக்கட்டை மேல ஒரு முராய், அந்தப் பக்கம் ஒரு முராய். இது ஒரு வரி பாடும், நிறுத்தும், அது பதில் சொல்லும். ரெண்டும் வாய்க்காலைத் தாண்டாது. அம்மா பால் பிடிக்கிற மங்கைத் துடைச்சுக்கிட்டே, "கிராணி அளந்து குடுத்த மாதிரி நிக்குது பாரு"ன்னு சொல்லுவாங்க. கிராணின்னா தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. எல்லைன்னா என்னன்னு எனக்கு அப்பவே புரிஞ்சது அங்கதான்.

இப்ப உங்க கண்ணாடிக்கு வாங்க. அதுல முராய் யாரைப் பார்க்குது? இன்னொரு முராயை. தன் இடத்துக்கு நடுவுல வந்து நிக்கிற ஒருத்தனை. இது நெஞ்சை நிமிர்த்தினா அவனும் நிமிர்த்துறான், இது கொத்தினா அவனும் கொத்துறான், பின்வாங்கவே மாட்டேங்கிறான். நிஜமான எதிரின்னா ரெண்டு தடவை துரத்தினா ஓடிடுவான். கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் ஓடமாட்டான். அதனாலதான் தினமும் வருது. நீங்க வெரட்டினாலும் அதுக்குப் பயம் உங்க மேல இல்ல, கோபம் அவன் மேல. அதனால குருவிய வெரட்டாதீங்க, அவனை மறைங்க. வண்டிய நிறுத்தினதும் கண்ணாடிய உள்பக்கம் மடக்கி விடுங்க. மடக்க முடியலன்னா பழைய துணிய மாட்டி விடுங்க, பிளாஸ்டிக் பையும் போதும். முட்டையிடுற காலத்துலதான் இந்த வேகம், அது முடிஞ்சதும் தானா அடங்கும். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. குருவிதான் களைச்சுப் போகும், இரை தேடுற நேரத்தைச் சண்டையில விடும்.

இதே இடத்துல இன்னொண்ணும் சொல்லணும். கைப்பேசியில முராய் சத்தத்தைப் போட்டுவிட்டு, "பாருங்க அண்ணே எப்படி ஓடி வருது"ன்னு வீடியோ அனுப்புறாங்க. தயவு செஞ்சு வேணாம். அதுவும் கண்ணாடிதான். அது ஆசையா வரல, சண்டைக்கு வருது. குருவி பிடிக்கிறவங்களுக்கும் இதேதான் தந்திரம். கூண்டுக்குள்ள ஒரு ஆண் முராயைப் பாடவிட்டு, பக்கத்துல வலையோ பசையோ வைப்பாங்க. தன் இடத்தைக் காப்பாத்த வர்றது மாட்டிக்கும். பாட்டுக்காக இதைக் கூண்டுல வளர்க்கிற பழக்கம் இந்தோனேசியாவுல ரொம்பப் பெருசு, இங்கிருந்து கடத்துறதும் நடக்குது, பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். நம்ம நாட்டுல 2010ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முராய் பாதுகாக்கப்பட்ட பறவை. லைசென்ஸ் இல்லாம பிடிக்கிறதும் வச்சிருக்கிறதும் குத்தம். வலை கட்டியிருக்கிறதைப் பார்த்தீங்கன்னா வனவிலங்குத் துறைக்கு, அதான் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்க.

சிங்கப்பூர்ல 1920களில் இது எங்க பார்த்தாலும் இருந்த குருவி. 1970களில் கிட்டத்தட்ட அற்றே போச்சு. அப்புறம் வேற இடத்துல இருந்து கொண்டு வந்து விட்டாங்க, கூட்டுப்பெட்டி வச்சாங்க. பங்களாதேஷுக்கு இதுதான் தேசியப் பறவை. நம்ம பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யுற ஒரு பங்களாதேஷ் தம்பி, நான் முராயை போட்டோ எடுக்கிறதைப் பார்த்துட்டு ஓடி வந்தாரு. "தோயல், தோயல்"னு சொல்லி, பர்ஸ்ல மடிச்சு வச்சிருந்த ரெண்டு டாக்கா நோட்டை எடுத்துக் காட்டினாரு. அதுல இந்தக் குருவி படம். ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமா அதைச் செலவழிக்காம வச்சிருக்காரு. அன்னைக்கு எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு.

தங்கச்சி, நீங்க எப்படி வெரட்டுறதுன்னு கேட்டீங்க. எங்க கூடு கட்டுதுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன், ஏன்னா உங்க வீட்டுக்கிட்டயே எங்கயோ கூடு இருக்கு. முராய் பொந்துல கூடு கட்டுற ஜாதி. பழைய மரத்துப் பொந்து, சுவர் ஓட்டை, கவுந்து கிடக்கிற பூச்சட்டி, யாரும் திறக்காத தபால்பெட்டின்னு எதையும் விடாது. வேர், காய்ஞ்ச நாரு, சுள்ளின்னு கொண்டு வந்து உள்ள மெத்தை போடும். மூணுல இருந்து அஞ்சு முட்டை. பொண்ணுதான் கட்டும், அடைகாக்கும். ஆண் காவல். குஞ்சு பொரிஞ்சதும் ரெண்டும் இரை கொண்டு வரும். சாயங்காலம் புல்தரையில இறங்கி மண்புழு, வெட்டுக்கிளி, கரப்பான்னு பொறுக்கிக்கிட்டு இருக்கிறதைப் பாருங்க. மத்த குருவியெல்லாம் அடைஞ்ச பிறகும் இது தேடிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல "க்ர்ஷ்ஷ்"னு ஒரு முரட்டுச் சத்தம் கேட்டா பூனையோ பாம்போ பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். அந்தச் சத்தமும் இதே குருவியோடதுதான்.

ஒரு மரம் பட்டுப்போச்சு, அசிங்கமா இருக்குன்னு உடனே வெட்டிடுறோம். விழுந்து யாருக்கும் ஆபத்து இல்லாத இடம்னா அதைச் சும்மா விடுங்க. தோட்டத்து லயத்து வீட்டுப் பின்னாடி இருந்த பழைய மரங்கள் போன இடத்துல எல்லாம் பொந்தும் போயிடுச்சு. இப்ப இருக்கிற தாமான், அதான் புதுக் குடியிருப்பு, வீட்டுச் சுவருல பொந்து கிடையாது. ஒரு பலகைப் பெட்டிய, மழை நேரா அடிக்காத மாதிரி, பூனைக்கு எட்டாத உயரத்துல மாட்டி வைங்க. வந்துச்சுன்னா எட்டிப் பார்க்காதீங்க. முட்டையில இருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் ஏறத்தாழ ஒரு மாசம், அவ்வளவுதான்.

துணி மாட்டினதுக்கு அப்புறம் குருவி என்ன செஞ்சதுன்னு எழுதுங்கம்மா, அடுத்த வீடியோவுல வாசிக்கிறேன். சரி, அடுத்த கேள்வி தெலுக் இந்தான்ல இருந்து. ஐயா தூக்கணாங்குருவி பாதியில விட்டுட்டுப் போன கூட்டைப் பத்திக் கேட்டிருக்காரு.