தீர விசாரிக்க ஓர் இடம்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அரங்கத்தைக் கட்டிப்போட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அம்மா அவர்களே (ஒன்பதாம் வகுப்பில் அவரிடம்தான் படித்தேன், அந்தக் கையால் இதை வாங்கியது எனக்குப் பெரிய விஷயம்), பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் உண்மையிலேயே தெரிந்ததுதானா என்பது தலைப்பு. கண்டது, கேட்டது, படித்தது என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். என் பாட்டிக்கு இதற்கெல்லாம் ஒரே பதில்தான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதலில் கண்டது. 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே திரண்ட நாள். எங்கள் அரசமரத்தடிப் பிள்ளையார் முன்னால் தெருவே நிற்கிறது, நானும் எவர்சில்வர் டம்ளரோடு நிற்கிறேன். என் முறை வந்தது. ஸ்பூனைச் சாய்த்துத் தும்பிக்கையில் வைத்தேன், பால் மளமளவென்று இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன், கை நடுங்கியது, அழுதேவிட்டேன். அப்புறம் எங்கள் அறிவியல் சார் வந்தார். யாரையும் திட்டவில்லை, கும்பிட்டுவிட்டுத் தன் பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலந்து, அதே மாதிரி வைத்தார். தும்பிக்கையிலிருந்து தொந்தி வழியாகப் பாதம் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள் கோடு! பரப்பு இழுவிசை பாலை ஸ்பூனிலிருந்து இழுக்கிறது, ஈரக் கருங்கல்லில் அது மெல்லிய படலமாக வழிவதால் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். என் பக்தி அன்றைக்குக் குறையவில்லை. என் கண்மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அதாவது தர்க்கம் பேசுகிறவன், அறியும் வழி பத்து என்று சொல்லிவிட்டு, அறிவு தவறும் வழி எட்டு என்றும் சொல்கிறான். அதில் ஒன்று 'தேராது தெளிதல்'. வெளியில் நிற்கும் கட்டையைப் பார்த்து, யோசிக்காமலே ஆள் என்று முடிவுகட்டுவது. சந்தேகம் வந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், இதில் சந்தேகமே வராது.

அடுத்தது கேட்டது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். தேராது தெளிந்தார்கள். அவ்வளவு பேரில் ஒருவர் விசாரித்திருந்தால் அந்த அம்மா வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

சரி, தீர விசாரிப்பதே மெய். எங்கே போய் விசாரிப்பது? நம் கிளை நூலகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. பள்ளிப் பிள்ளையும் வேலைக்குப் போகிறவரும் வந்து சேரும்போது கதவில் பூட்டு. சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது, அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இரவு எட்டு மணி வரைக்கும் ஒரு ட்யூப்லைட் எரியக் கூடாதா?

மூன்றாவதாகப் படித்தது பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். நூலக நேரத்தை நீட்டக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, தலைமையாசிரியர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவும் அங்கேயே கட்டியிருக்கிறது. வணக்கம்.