கூப்பிட்டால் மட்டும் எழுந்துவரும் ஜிடிபிசர்வர்

[திரையில்: லேப்டாப், அதோடு ஈதர்நெட் கேபிளில் இணைந்த சின்ன லினக்ஸ் போர்டு]

வணக்கம். இந்த மாதிரி போர்டில் ஒரு புரோகிராம் கிராஷ் ஆனால் பிழை தேடும் கருவியான ஜிடிபியை முழுதாக அதிலேயே ஓட்டுவது கஷ்டம், இடம் பத்தாது, அங்கே இருப்பதும் பெரும்பாலும் சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன், மாறிகளின் பெயர் விவரங்களை, நீக்கிய பைனரிதான். அதனால் போர்டில் ஜிடிபியின் கட்டளைகளை அங்கே நிறைவேற்றும் சின்னத் துணைப் புரோகிராமான ஜிடிபிசர்வர் மட்டும், ஜிடிபியும் சிம்பல் உள்ள பைனரியும் லேப்டாப்பில் என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் சீரியல் கன்சோலில் போய் அதைக் கையால் கிளப்ப வேண்டும், டீபக் முடிந்ததும் அது போய்விடும், மறுபடி கிளப்ப வேண்டும்.

அந்த வேலையை ஐநெட்டியிடம் கொடுத்துவிடலாம். 1986-இல் 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸோடு வந்த டீமன், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம் இது, சின்னப் போர்டுகளுக்கான கருவித் தொகுப்பான பிஸிபாக்ஸிலும் உண்டு. நெட்வொர்க் போர்ட் ஒன்றைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். யாராவது இணைந்ததும் அதற்கான புரோகிராமைக் கிளப்பி, வந்த இணைப்பையே அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டாகவும் அவுட்புட்டாகவும் மாட்டிவிடும். ஜிடிபிசர்வருக்கோ, போர்ட் எண் கொடுக்கும் இடத்தில் வெறும் ஒரு கோடு, அதாவது ஹைஃபன், போட்டால் இன்புட், அவுட்புட் வழியாகவே பேசும். அப்புறம் என்ன, இரண்டும் அப்படியே பொருந்திவிடும்.

[திரையில்: ஐநெட்டியின் கான்ஃப் கோப்பு, ஒரே ஒரு வரி]

சேவையின் பெயர், ஸ்ட்ரீம், டிசிபி, நோவெயிட், எந்தப் பயனர், எந்தப் புரோகிராம். நோவெயிட் முக்கியம், ஏனென்றால் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட இணைப்புதான் ஜிடிபிசர்வருக்கு வேண்டும். சேவையின் பெயரை சர்வீசஸ் கோப்பில் 2345 என்ற எண்ணோடு சேர்த்துவிட்டு, கான்ஃப் கோப்பை மறுபடி படிக்கச் சொல்லி ஐநெட்டிக்கு ஹெச்யூபி சிக்னல் அனுப்புங்கள்.

இப்போது கவனமாகப் பாருங்கள், சிக்கல் வருவது இங்கேதான். பிழைச் செய்திகள் போகும் ஸ்டாண்டர்ட் எரரையும் ஐநெட்டி அதே சாக்கெட்டில், அதாவது அதே இணைப்பில்தான் கட்டுகிறது. ஜிடிபிசர்வர் தொடங்கும்போது "பிராசஸ் உருவானது, பிஐடி இத்தனை" என்று எழுதுவதும் எரரில்தான், போதாததற்கு இந்த முறையில் நம் புரோகிராம் பிரிண்ட் செய்வதையும் அது எரருக்கே திருப்பிவிடும். ஜிடிபி எதிர்பார்ப்பதோ டாலர் குறியில் தொடங்கி ஹேஷும் செக்சம்மும் வைத்து முடியும் பாக்கெட்டுகளை. நடுவில் சாதாரண எழுத்துகள் வந்து கலந்தால் பேச்சு குழம்பும். ஆகவே கான்ஃப் வரியில் ஜிடிபிசர்வரை நேரடியாகப் போடாதீர்கள். இரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, எரரை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, எக்ஸெக் கொடுத்து ஷெல்லின் இடத்திலேயே ஜிடிபிசர்வரைக் கிளப்புங்கள். ஐநெட்டிக்குப் பதிலாக, சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள போர்டில் சாக்கெட் யூனிட்டில் அக்செப்ட் ஈக்வல்ஸ் எஸ், சர்வீஸில் இன்புட்டும் அவுட்புட்டும் சாக்கெட், எரர் மட்டும் ஜர்னல், அதாவது சிஸ்டம்டியின் லாக், என்று வையுங்கள்.

[திரையில்: லேப்டாப்பில் ஜிடிபி. டார்கெட் ரிமோட், போர்டின் முகவரி, 2345]

பாருங்கள், இணைந்ததுமே புரோகிராம் முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனில் நிற்கிறது, மெயினுக்கும் முன்னால். பிரேக்பாயின்ட் வைத்து கன்டின்யூ கொடுத்தால் ஓடும்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாடவே கூடாது. ஜிடிபிசர்வரில் பாஸ்வேர்ட் கிடையாது, என்கிரிப்ஷன் கிடையாது. அந்த நெட்வொர்க் போர்ட்டைத் தொட முடிந்த எவரும் அதை ஓட்டும் பயனரின் முழு அதிகாரத்தோடு போர்டில் எதையும் செய்யலாம். ரூட்டாக ஓட்டாதீர்கள், அந்தக் கேபிளின் முகவரிக்கு மட்டும் பைண்ட் செய்யுங்கள், வாடிக்கையாளருக்குப் போகும் ஃபர்ம்வேரில் இந்த வரி இருக்கவே கூடாது. போர்டில் என்கிரிப்ட் செய்த ரிமோட் லாகினான எஸ்எஸ்ஹெச் இருந்தால் இந்த ஐநெட்டியே வேண்டாம் என்பேன். டார்கெட் ரிமோட்டுக்குப் பின் பைப் குறி போட்டு எஸ்எஸ்ஹெச் வழியாகவே ஜிடிபிசர்வரைக் கிளப்பலாம், அதுதான் நல்லது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பிடிக்க வேண்டுமா? ஸ்கிரிப்ட்டில் அட்டாச் ஆப்ஷனைச் சேர்த்து, ஹைஃபனுக்குப் பின்னால் பிடாஃப் கட்டளை தரும் பிராசஸ் எண்ணைக் (பிஐடியை) கொடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் யார் எந்தப் பிராசஸைப் பிடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் கெர்னலின் பிட்ரேஸ் ஸ்கோப் அமைப்பைப் பாருங்கள். அது 1 என்று இருந்தால், ஒரே பயனருடையதாக இருந்தாலும் தொடர்பில்லாத பிராசஸைப் பிடிக்க விடாது. வேலை முடிந்ததும் முதலில் டிடாச், பிறகு குவிட். அப்போது புரோகிராம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.